எங்க நோவுது

சுட்டவளுக்கு நோகவில்லை. அதில் வியப்பில்லை, உலகம்மைக்குப் பிறந்ததிலிருந்தே எதுவும் நொந்ததில்லை. சுடப்பட்டவனுக்கும் நோகாததுதான் அவளைத் திகைக்க வைத்தது. தொடையில் குண்டு பாய்ந்ததும் அந்தக் கிளர்ச்சிக்காரன் குனிந்து, முள்ளில் மாட்டிக் கிழிந்த துணியைப் பார்ப்பதுபோல் காலைப் பார்த்தான். பிறகு காலை இழுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தான். இரண்டாவது குண்டில்தான் விழுந்தான். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஆச்சரியத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில், வொலேமா நாட்டுச் செம்மண் வெளியில் நேசப்படை முகாம் போட்டிருந்தது. கிளர்ச்சியை அடக்க அந்நாட்டு அரசு கூப்பிட்டதால் வந்தோம் என்றது படை. மண்ணுக்கடியில் கிடக்கும் லித்தியம்தான் கூப்பிட்டது என்றார்கள் ஊர்க்காரர்கள்.

அந்நிய மண்ணில் இறங்கும் படைகளுக்கு உலக நாடுகள் கடிவாளம் போட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. துப்பாக்கியை இயக்குபவர் கழுத்தில் நோவிணை என்ற பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி இயங்காது. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு நொந்தாலும் அதில் ஒரு பங்கு பட்டை அணிந்தவருக்கும் வந்து சேரும். ஒருவனைச் சுட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. பட்டை வந்த புதிதில் வீரர்கள் முதல் தோட்டாவிலேயே சுருண்டு விழுந்தார்கள், படையெடுப்புகள் நின்றன, உடன்படிக்கை எழுதியவர்களுக்கு மாலை மரியாதையெல்லாம் நடந்தது. அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, நோவே தெரியாமல் பிறக்கும் மனிதர்களும் உண்டே என்று நினைவுபடுத்தினான். அபூர்வப் பிறவிகள். நாடு நாடாகத் தேடிப் பிடித்து, நோவிலி என்று பெயர் வைத்தார்கள். ஒரு முகாமுக்கு ஒரு நோவிலி போதும். வேலியைச் சுற்றியுள்ள சுடுகோபுரங்கள் அத்தனையும் அவர் கையில்.

உலகம்மை சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருவில் வளர்ந்தவள். அடுப்பில் கைவைத்தாலும் அழ மாட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு ரத்தம் ஒழுகச் சிரிப்பாள். ஆகவே தினமும் விளக்கு வைத்த பிறகு அவள் அம்மா அவளை உட்காரவைத்து, டார்ச் அடித்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பாள். காயம் கண்ணில் பட்டால் “எங்கடி நோவுது?” என்பாள். பதில் வராது என்று தெரிந்தும் கேட்பாள். ஊர் அவளைப் பேய்ப்பிள்ளை என்றது. படை வீராங்கனை என்றது. யாராக இருந்தாலும் படையோடுதான் போயிருப்பார்கள்.

முகாம் மருத்துவர் கேப்டன் ஜெபசிங் நாகர்கோவில்காரர். குண்டடிபட்டவன் நடந்து வந்த கதையைக் கேட்டதும் அவர் மருந்துப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு மாதமாக முகாமில் தலைவலி என்றுகூட யாரும் மாத்திரை கேட்டு வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“ரெண்டு தொட்டிக்கு நடுவுல குழாய் போட்டா தண்ணி சமமாகும்லா? நோவிணையும் அப்படித்தான் வேலை செய்யுது. ஒரு தொட்டிக்கு அடியே இல்லன்னா என்ன ஆகும்?”

“மத்த தொட்டி காலியாயிரும் சார்.”

“நீதான் அந்தத் தொட்டி. இந்த வட்டாரத்து நோவெல்லாம் உங்கிட்ட வந்து வடிஞ்சு போகுது, உலகம்மை.”

கர்னல் இதைக் கேட்டு மகிழ்ந்தே போனார். அவர் வடக்கே பனி நாட்டிலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, இரக்கம் என்றால் அறிக்கைகளில் வரும் ஒரு சொல் என்று பழகிப்போனவர். நிருபர்களைக் கூட்டி, மனித குலத்தின் முதல் வலியற்ற போரைத் தம் படை நடத்திக்கொண்டிருக்கிறது என்று அறிவித்தார். சுடப்படுகிறவனுக்கே நோகவில்லை என்றால் உலகம் எதற்காகக் கண்ணீர் விட வேண்டும்? மற்ற நாடுகள் ஆர்வமாக விசாரித்தன.

சேதி எப்படியோ ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் ஒரு பல்வலிக்காரர் வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்தார். பிறகு கைவண்டியிலும் கழுதை வண்டியிலும் ஆட்கள் வந்தார்கள். வெந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், நாள்பட்ட புண்ணோடு கிடந்தவர்கள். மருந்து கிடைக்காத நாட்டில் நோவு தீர ஓர் இடம் இருக்கிறது, அது எதிரியின் வேலியோரம் என்றால் என்ன? வேலியோரம் சந்தையே கூடிவிட்டது. அசேத்து என்ற பெண் அங்கே பயற்று வடை சுட்டு விற்றாள். கிளர்ச்சிப் படையில் இருந்த அவள் அண்ணன் கால் கருகி அங்கேதான் பாயில் கிடந்தான்.

ஒரு மாலை அசேத்து வேலிக்கு அருகே வந்து, அண்ணனைப் படுக்கவிட்டதற்கு நன்றி என்றாள். உலகம்மையின் காதிலிருந்த செவிபெயர்ப்பி அதை அச்சடித்த தமிழில் சொன்னது. உலகம்மை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். உள்ளங்கை முழுவதும் வெந்து, தோல் வழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கொதிக்கும் எண்ணெய்க்குள் கை போனது அசேத்துக்குத் தெரியவே இல்லை.

உலகம்மைக்கு அது தன் கையாகவே தெரிந்தது, சங்கரன்கோவிலில் அவள் அம்மா பிடித்துக்கொண்டு அழுத அதே கை. தான் தனியாகச் சுமந்த பிறவிச் சாபத்தை ஒரு நாட்டுக்கே பங்கு வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அண்ணனின் காலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். அடியில் புழு வைத்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டு படுத்திருந்தான்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் அவள் வேலியருகே விளக்கோடு நிற்பாள். தன் கையைப் பார்ப்பாள், பாதத்தைப் பார்ப்பாள், வாயைத் திறந்து கண்ணாடியில் பார்ப்பாள். வெளியே ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரை அப்படியே பார்ப்பார்கள். ஜெபசிங் வேலி வழியாக மருந்து கொடுப்பார். முகாமுக்குள்ளும் இது வேண்டும் என்று உலகம்மை கேட்டபோது கர்னல் சிரித்தார். படைவீரர்கள் ஒருவர் உடம்பை ஒருவர் விளக்கு வைத்துப் பார்ப்பதா என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆணை வந்தது. கூட்டத்துக்குள் கிளர்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள், விடிவதற்குள் வேலியோரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். படுத்திருப்பவர்களை என்ன செய்வது என்று உலகம்மை கேட்டாள். அவர்களுக்குத்தான் நோகாதே என்றார் கர்னல். அவர் முகம் வெளிறியிருந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. ஜெபசிங் பரிசோதிக்கலாமா என்று கேட்டதற்குத் தாம் நன்றாகவே இருப்பதாகச் சொல்லிக் கையை வீசினார்.

வெளியே வந்ததும் ஜெபசிங் மெதுவாகக் கேட்டார்.

“என்ன செய்யப் போற?”

“பட்டையக் கழட்டிருதேன் சார். நான் சுட மாட்டேன்னாலும், பட்டை முழிச்சிருக்க வரைக்கும் திரையில வேற ஆள ஒக்கார வைப்பாரு. கழட்டிட்டா ஒரு கோபுரமும் சுடாதுல்லா?”

“சுடாது. ஆனா வெளிய கெடக்குற அத்தன பேருக்கும் ஒரே நேரத்துல நோவு திரும்பும். அத நீ கேட்டுட்டு நிக்கணும்.”

அதுதான் அவளைத் தடுத்தது. நோவு என்றால் என்னவென்றே தெரியாதவளுக்கு அதைப் பிறர் தலையில் கொட்ட என்ன உரிமை? வேலிக்குப் போய் அசேத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அசேத்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்து படுத்திருந்தவர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

“அது எங்களுடைய நோவு. எங்களுக்குப் பழக்கமானதுதான். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்றது செவிபெயர்ப்பி.

உலகம்மை பட்டையைக் கழற்றினாள்.

வெளியிலிருந்து எழுந்த அலறலை அவள் ஆயுள் முழுக்க மறக்கப்போவதில்லை. காதைப் பொத்திக்கொள்ளாமல் நின்று கேட்டாள். ஜெபசிங்கும் உதவியாளர்களும் மருந்துப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் திறந்து ஓடினார்கள். ஒருவரும் தடுக்கவில்லை, ஏனென்றால் தடுக்க வேண்டியவர் அலறிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மீறி முகாமுக்குள்ளிருந்து வந்த அந்த அலறல் கர்னலுடையது.

குடல்வால் வெடித்து இரண்டு நாளாகியிருந்தது. வயிறு முழுக்கச் சீழ். நொந்திருந்தால் முதல் நாளே வந்திருப்பார்; யாராவது விளக்கு வைத்துப் பார்த்திருந்தாலும் வீக்கம் தெரிந்திருக்கும். ஜெபசிங் ஓடிவந்து மேசையில் கிடத்தியபோது, பட்டையை மாட்டச் சொல் என்று கர்னல் கெஞ்சினார். மயக்க மருந்து மொத்தமும் வேலிக்கு வெளியே போய்விட்டிருந்தது.

உலகம்மை பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாட்டிக்கிடுதேன் ஐயா. மாட்டுனா கோபுரமும் முழிச்சுக்கிடும். அத மொதல்ல சாவடிங்க.”

முகாம் எதிரி கையில் விழுந்தால் கோபுரங்களை அடியோடு செயலிழக்கச் செய்ய ஒரு கட்டளை இருந்தது. கர்னலின் குரலுக்கு மட்டுமே அது கட்டுப்படும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை முயன்று அந்தச் சொற்களைச் சொன்னார். வேலியெங்கும் கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. உடன்படிக்கை எழுதியவர்கள் ஒரு தலைமுறைக்கு முன் எதிர்பார்த்தது அன்றைக்கு ஒரே ஒரு வயிற்றில் நிறைவேறியது.

“இப்பம் மாட்டாத. கொஞ்சம் பொறு. எடம் தெரியணும்” என்றார் ஜெபசிங்.

உலகம்மை விளக்கை எடுத்துக் கர்னலின் வயிற்றுக்கு மேல் பிடித்தாள். அம்மாவின் வார்த்தை தானாகவே வாயில் வந்தது.

“எங்க நோவுது?”

கர்னல் அழுதுகொண்டே விரலை வைத்துக் காட்டினார். இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது அம்மாவுக்கு இப்படிக் காட்டியிருக்கலாமே என்று அவளுக்கு அந்த விரல் மேல் பொறாமையாக இருந்தது. ஜெபசிங் அங்கே மையால் குறி வைத்துக்கொண்டு தலையசைத்தார். அவள் பட்டையைக் கழுத்தில் மாட்டினாள்.

வெளியே அழுகை ஓய்ந்தது. கர்னலின் முகம் தெளிந்தது. அவர் தம் வயிற்றையும், அதில் அழுந்தியிருந்த தம் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த விரலை அங்கே எதற்கு வைத்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஜெபசிங் கத்தியை எடுத்தார். உலகம்மை விளக்கை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.