பாட்டில் ஒரு விக்கல்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகத்தோடு, பெண்ணின் குரல் இருக்கும் பழைய ஒலிப்பதிவு ஏதாவது உண்டா என்றும் கேட்கிறார்கள். பள்ளி ஆண்டுவிழாவோ, யாருடைய பிறந்தநாளோ, எதுவானாலும் சரி. அறைமீட்பி என்ற கருவியில் கொடுத்தால் போதும். யார் எங்கே நின்றார்கள், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, யாரைப் பார்த்து யார் நெஞ்சு எகிறியது, எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும். ஒலி சுவரில் மோதித் திரும்புவதுபோல மனித உடம்பிலும் மோதித் திரும்புகிறது. அந்தத் தழும்பு பதிவில் அப்படியே கிடக்கிறது. அதைப் படிக்கத்தான் இத்தனை காலம் கருவி இல்லை.

தூத்துக்குடியில் இந்தக் கருவியால் நின்றுபோன கல்யாணங்கள் பல. அருளப்பன் மட்டும் அதை ஊருக்குள் கொண்டுவந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். வாலிபத்திலிருந்து அவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுக்க ஆள் வந்துவிட்டது.

முள்ளின் பெயர் ‘உப்பு மூட்டை மேல நிலா.’ துறைமுகத்தில் அருளப்பனோடு மூட்டை தூக்கிய காணிக்கைராஜ் கட்டிய பாட்டு. சுமைதூக்குவோர் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு, மூட்டைகள் அடுக்குகிற கிட்டங்கியில் வைத்துப் பாடினான். கப்பல் வந்து நின்றதால் வேலையை நிறுத்த முடியாது. பாதிப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள், பாதிப் பேர் சுமப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். கேசட் கடைக்காரர் ஒருவர் அதைப் பதிந்தார். அங்கிருந்து பாட்டு சினிமாவுக்குப் போனது. நடையின் வேகம் போய்க் குத்தாட்ட வேகம் வந்தது. உப்பு மூட்டை பூ மூட்டை ஆனது. மூன்றாம் சரணத்தை வெட்டிப் போட்டார்கள். அப்புறம் கல்யாண பேண்டு, செல்போன் மணி, பாட்டுப் போட்டி.

எல்லாம் மாறியும் மாறாதது ஒன்று. ‘கப்பல் போனாத் தடமில்ல’ என்று பாடிவிட்டு, காணிக்கைராஜின் குரல் ஒரு கணம் விக்கி நிற்கும். அதன்பிறகுதான் ‘கண்ணு போனா தடமிருக்கு’ என்று வரும். சினிமாவில் பாடியவர் அந்த விக்கலைப் பழகிப் பழகித் தொண்டை கட்டிக்கொண்டாராம். போட்டிகளில் அதற்குத் தனி மதிப்பெண். காதலின் விம்மல் என்று நடுவர்கள் உருகுவார்கள்.

யாருக்கான விம்மல் என்பது அருளப்பனுக்குத் தெரியும். பின்பாட்டில் நின்ற உப்பளத்துப் பெண்களில் செசிலியும் ஒருத்தி. மறுவருடம் அவருக்கே பெண்டாட்டியாக வந்தாள். வந்த நாளிலிருந்து அந்த இடம் வானொலியில் வந்தால் செசிலியின் கை நின்றுவிடும். மீன் அரிகிற கத்தி பாதியில் நிற்கும். துடைப்பம் நிற்கும். அருளப்பன் இரண்டு ரேடியோவை உடைத்துப் பார்த்தார். காணிக்கைராஜ் செத்தபோது எழவு வீட்டுக்குப் போகவில்லை. செத்தவன் பாட்டில் இருந்துகொண்டு விக்கினான்.

இப்போது பாட்டின் வரலாற்றை எழுத இளவெயினி என்ற பெண் சென்னையிலிருந்து அறைமீட்பியோடு வந்திருந்தாள். கிட்டங்கிப் பதிவின் நகல்களை எங்கெங்கோ தேடிச் சேர்த்திருந்தாள். நகல்கள் கூடக்கூட இரைச்சல் வடிந்து, உடம்புகள் தெளிவாகும்.

அருளப்பன் செசிலியை இழுக்காத குறையாகச் சங்கக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்.

“அந்த விக்கல் வருதுல்லாம்மா, அப்ப அவன் யாரைப் பாத்தான்? இவ யாரைப் பாத்தா? அத மட்டும் சொல்லு.”

“வயசான காலத்துல மனுசனுக்கு வந்த சோக்கு,” என்றாள் செசிலி.

“மடியில கனமில்லன்னா ஒனக்கென்னட்டி?”

“கேளும். நல்லா கேளும்.”

இளவெயினி செசிலியை நடக்கவிட்டு, பாடவிட்டு, மூச்சைப் பதிந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்களும் அங்கதான இருந்தீங்க?”

“இல்லாம? நான் சுமக்குற பாதில இருந்தேன்.”

“அப்போ உங்க நடையும் வேணும். தெரிஞ்சவங்கள முதல்ல பிரிச்சாதான் மத்தவங்க தெரிவாங்க.”

அவருக்கு என்ன பயம். ஒரு மூட்டையைத் தூக்குகிறவர்போலத் தோளைச் சாய்த்து நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டினார்.

திரையில் கிட்டங்கி எழுந்தது. சாம்பல் நிறத்தில் உருவங்கள். பாட்டு ஓடியது. பின்பாட்டு வரிசையில் செசிலியின் உருவத்தில் நெஞ்சுத் துடிப்பு ஒரு சிவப்புப் பொட்டாக எரிந்தது. காணிக்கைராஜ் பக்கம் அவள் முகம் திரும்பவே இல்லை. துடிப்பும் ஏறவில்லை.

“கண்ணு போனா” என்பதற்குச் சற்று முன் ஒரு சத்தம். தொம்.

காணிக்கைராஜின் உருவம் திடுக்கிட்டது. குரல் விக்கியது.

இளவெயினி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “விம்மல் இல்லங்க. பின்னாடி யாரோ மூட்டையப் போட்டிருக்காங்க. அந்தச் சத்தத்துல பயந்து மூச்ச இழுத்திருக்காரு. இத்தனை வருஷமா எல்லாரும் பயந்ததத்தான் பாடிட்டு இருந்திருக்காங்க.”

அருளப்பனுக்குச் சிரிப்பு பீறிட்டது. தோளில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. “எந்தப் பயல்மா அவன், மூட்டையக்கூடப் பிடிக்கத் தெரியாதவன்?”

அவள் பதில் சொல்வதற்குள் கருவியே பெயர் எழுதியது. பதிந்த நடையோடு பொருந்தியிருந்தது. சுமக்கிற வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் மூட்டையை நழுவவிட்டு நின்றுபோயிருந்த உருவத்தின் மேல் ‘அருளப்பன்’ என்று வந்தது. அதன் சிவப்புப் பொட்டு எகிறிக் குதித்தது. முகம் பின்பாட்டு வரிசையை நோக்கித் திரும்பியிருந்தது.

“இவளத்தான் பாத்திருக்கேன்,” என்றார் சட்டென்று. “என் பெண்டாட்டியத்தான்.”

“நான் வரிசையில கடைசில நிக்கேன்,” என்றாள் செசிலி. “அந்த முகம் முன்னால நிக்கவளப் பாக்குது. அது மெற்றில்டா அக்கா.”

அருளப்பன் முதலில் பெண் கேட்டுப் போனது மெற்றில்டாவைத்தான். அவளுக்குப் புன்னக்காயலில் பேசி முடித்துவிட்டோம், தங்கச்சி இருக்கிறாள் என்றார்கள். சரி என்றார். அதோடு அதை மறந்ததாகத்தான் நினைத்திருந்தார். மாதா கோயில் திருவிழாவுக்கு மெற்றில்டா வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வேறு யாரையும் அனுப்பாமல் அவரே போவார்.

“அப்ப நீ ஏன் அந்த எடம் வந்தா கைய நிறுத்துவ?” என்று கேட்டார் அருளப்பன்.

“ஒம்ம மூஞ்சியப் பாக்க. மூட்டை விழுந்தப்ப நான் திரும்பிப் பாத்தேன். ஒம்ம கண்ணு எங்க நின்னுச்சுன்னு பாத்தேன். இன்னும் அங்கதான் நிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் பாப்பேன். நீரு ரேடியோவ ஒடைச்சீரு. நான் எத ஒடைக்க?”

“அம்மா, இத வரலாத்துல போடலாமா?” என்றாள் இளவெயினி தயங்கி.

“போடு. விட்டுறாத. பேரோட போடு.”

வெளியே வந்தார்கள். தெருவில் ஆட்டோ ஒன்று அதே பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. புதுப் பையன் எவனோ பாடிய புதுப் பதிப்பு. கப்பல் போனாத் தடமில்ல என்றான். விக்கினான். ஊரில் எத்தனை பேர் பாடினாலும் அத்தனை தொண்டையிலும் இனி அவர் போட்ட மூட்டைதான் விழும்.

செசிலி நின்றாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அருளப்பனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

“திருவிழா வருது,” என்றாள் அவள், மறுபடி நடந்துகொண்டே. “இந்தத் தடவ அக்காவக் கூப்புட பஸ் ஸ்டாண்டுக்கு நான் போறேன்.”