நாற்பத்தோராம் நாள்

தேவசித்தம் நாற்பத்தோராம் நாள் பணிந்துபோனான். அந்தச் செய்தி அவனுக்குத் திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு வந்தது. அப்போது அவன் எதிர்க்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

வடகரைக் கால்பந்துக் கழகத்தின் ஒப்பந்த அலுவலர் விசாலி, ஆறு பக்கத் தாளை மேசைமேல் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார். மூணு வருஷம்."

"நான் ஒரு வருஷம்தான கேட்டேன், மேடம்?"

"கேட்டீங்க. கழகம் முடியாதுன்னுச்சு. நீங்க ஆட வரமாட்டேன்னு வீட்ல உக்காந்துட்டீங்க. நாப்பத்தோராம் நாள் நீங்களே போன் பண்ணி வரேன்னு சொல்லிட்டீங்க. எல்லாம் உள்ள நடந்து முடிஞ்சிருச்சு."

உள்ளே என்றால் இழுபறிப் பொறிக்குள்ளே. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு பருவத்தில், நான்கு அணிகளின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத் தகராறில் வீட்டோடு உட்கார்ந்துகொண்டார்கள். ஓர் அணி எட்டே பேரோடு மைதானத்தில் இறங்க, ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி உள்ளே எறிந்தார்கள். அதற்கப்புறம்தான் லீக் நிர்வாகம் இந்தப் பொறியைக் கொண்டுவந்தது. ஆட்டக்காரனின் ஓட்டம், தூக்கம், நாடித்துடிப்பு, போனில் யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறான், கோபம் வந்தால் எத்தனை நேரத்தில் ஆறுகிறான் என்று சகலத்தையும் சேர்த்துச் சேர்த்து அதற்குள் அவனுக்கு ஒரு நிழலாள் உருவாகிறான். கழகத்துக்கும் ஒரு நிழல் உண்டு. தகராறு என்று வந்தால் இரண்டையும் மோதவிடுவார்கள். மாதக்கணக்கில் நடக்கவேண்டிய இழுபறி ஒன்பது விநாடியில் முடிந்து, யார் எந்த நாளில் விட்டுக்கொடுத்தார் என்று தாள் வந்துவிடும். விட்டுக்கொடுத்தவர் கையெழுத்துப் போடவேண்டியதுதான்.

மனிதகுலத்துக்குப் பெரிய நிம்மதி என்று பத்திரிகைகள் எழுதின. தோற்கப்போகிறவனுக்குப் போராடுகிற வேலை மிச்சம் என்கிற வரைக்கும் அது நிஜம்தான்.

தேவசித்தம் பதினைந்து வருடமாக வடகரைக்கு இடது புறத்தில் தடுப்பாட்டம் ஆடுகிறவன். வயது முப்பத்திரண்டு. அவன் ஒரு வருடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது, அதை அவன் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. இடது முழங்கால் மூட்டு தேய்ந்துபோயிருந்தது. மச்சான் பேரில் சீட்டு வாங்கி, அரசு மருத்துவமனையில் ரகசியமாகப் படம் எடுத்துப் பார்த்திருந்தான். "ஒரு வருஷம் ஆடு. அதோட விட்டுட்டா வயசான காலம் வரைக்கும் நடக்கலாம். மூணு வருஷம் ஆடினேன்னு வை, நாப்பதுல ஊன்றுகோல்" என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வருடத்துக்கப்புறம் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் வேலை காத்திருந்தது. ஒரே ஒரு வருடம், அப்புறம் சொந்தக் காலில் நடமாட்டம். இவ்வளவுதான் அவன் ஆசை.

தாளைப் படித்தான். பன்னிரண்டாம் நாள், மீன் குழம்பில் உப்பு இல்லை என்று மனைவியோடு சண்டை. இருபத்து மூன்றாம் நாள், மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பயிற்சியை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தல். முப்பத்து நான்காம் நாள், டீக்கடையில் யாரும் பெஞ்சில் நகர்ந்து இடம் தராததால் டீ குடிக்காமல் திரும்புதல். நாற்பத்தோராம் நாள் காலை ஏழு ஐம்பதுக்குத் தொலைபேசி. பேசிய வார்த்தைகளும் இருந்தன: "மேடம், நான் வந்துடறேன், பழசை மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த வரியைப் படித்ததும் அவனுக்கு உடம்பு கொதித்தது. செய்யாத கோழைத்தனத்துக்கு மூன்று வருடம் தண்டனையா?

"பத்தொம்பதாம் விதி இன்னும் கீதுல்ல மேடம்?"

"எது சார்?"

"பொறியை ஒத்துக்காம நெஜமாவே ஊட்ல குந்திக்கலாம்னு. நேர்நிலைன்னு போட்டிருக்குமே."

விசாலி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். "இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்."

மனைவி ரெபேக்கா மெட்ரோ நிலையத்தில் காவல் பணியில் இருப்பவள். கதையைக் கேட்டுவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"முட்டி போச்சுன்னு அவங்களாண்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னா இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருவாங்கடி."

"அனுப்பட்டுமே. நடக்கற காலோட வருவல்ல."

"ஒரு வருஷம் ரெபேக்கா. ஒரே ஒரு வருஷம் ஆடிட்டு வந்துடறேன்."

அவள் எழுந்து சீருடையை மாற்றப் போனாள். வலியை மறைப்பது ஆட்டக்காரனுக்குச் சட்டை போடுகிற மாதிரி பழகிப்போன காரியம். ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான், விரல் பிசகியிருந்தும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கியிருக்கிறான். உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்கிற வழி அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

நேர்நிலை தொடங்கியது. தொலைக்காட்சியில் இரண்டு நாள் பேசினார்கள், பழைய காலத்து ஆள் ஒருவன் கிளம்பியிருக்கிறான் என்று. அப்புறம் மறந்துபோனார்கள். தேவசித்தம் மறக்கவில்லை. அந்தத் தாளை நிலைக்கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தான். அதில் இருக்கிற எதையும் செய்யக்கூடாது, அதுதான் வைராக்கியம்.

பன்னிரண்டாம் நாள் குழம்பை வாயில் வைக்குமுன்பே "பிரமாதம்" என்றான். சாப்பிட்டுக்கொண்டே இன்னும் நான்கு முறை சொன்னான். ஐந்தாம் முறை ரெபேக்கா தட்டை நகர்த்திவிட்டாள்.

"இன்னாய்யா, என்னை இன்னான்னு நெனச்சிகினு கீற? நான் உன் பொண்டாட்டியா, இல்ல அந்தத் தாள்ல போட்டிருக்கற ஆளா?"

ஒரு வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் உப்புக்காக வந்த சண்டை இல்லையே என்று அவன் தேறிக்கொண்டான். இருபத்து மூன்றாம் நாள் மைதானத்துப் பக்கம் கால் போய்விடக்கூடாது என்று காலையிலேயே பஸ் ஏறி எண்ணூருக்குப் போய், வெயில் சாயும்வரை கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தான். முப்பத்து நான்காம் நாள் டீக்கடைக்குப் போகவே இல்லை. வீட்டிலேயே டீ போட்டான், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நாற்பத்தோராம் நாள் காலை போனை ரெபேக்காவின் கைப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஏழு ஐம்பதுக்குக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு ஐம்பத்தொன்று ஆனது.

மறுநாள் இரண்டு பொட்டலம் பிரியாணி வாங்கி வந்தான். ரெபேக்காவும் சிரித்துவிட்டாள். பதினோரு வருடத்தில் பொறியைப் பொய்யாக்கிய முதல் மனிதன் தன் வீட்டில்தான் இருக்கிறான் என்பதில் அவளுக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கஷ்டம். தாளில் அவற்றுக்கு வரி இல்லை. எதைச் செய்யாமல் இருக்கவேண்டும் என்று தெரியாமல் வீட்டுக்குள் வளையவந்தான். கழகத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அணி ஜெயித்தது, தோற்றது, சமன் செய்தது. நல்லது என்று ஒன்று நடந்தது. ஐம்பதாம் நாள் வாக்கில் முட்டி வீக்கம் வற்றியிருந்தது. தரையில் சம்மணம் போட முடிந்தது. பதினைந்து வருடத்தில் அந்தக் காலுக்கு இத்தனை நாள் ஓய்வு கிடைத்ததே இல்லை. ஒரு வருடம் தாராளமாகத் தாங்கும் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

எழுபத்திரண்டாம் நாள் விசாலி கூப்பிட்டாள்.

"பேசலாம் வாங்க சார். வரும்போதே லீக் டாக்டரைப் பாத்துத் தகுதிச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க. ஒரு வருஷமோ மூணு வருஷமோ, எதுக்கும் அது வேணும்."

ஒரு வருடம் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. தேவசித்தம் இஸ்திரி போட்ட சட்டையில் போனான். லீக் டாக்டர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், படம் எடுத்தார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். இன்றைக்கு மறைக்க வலியே இல்லை. கேட்டதற்குமேல் நான்கு குதி அதிகமாகவே குதித்துக் காட்டினான். தேய்மானம் இருந்தாலும் வீக்கமும் வலியும் இல்லை, ஆடலாம் என்று டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

விசாலி சான்றை வாங்கிப் பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு வருஷம் நீட்டிச்சாச்சு சார்."

"நான் கையெழுத்தே போடலியே."

"வேணாம். தகுதிச் சான்று இருந்தா நீட்டிக்கிற உரிமை கழகத்தோடது. அன்னிக்குச் சான்று கிடைச்சிருக்காது. உங்க முட்டி எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். இடது காலை நீங்க எப்படி ஊன்றீங்கன்னு உங்க பூட்ஸ் தினமும் சொல்லிட்டுத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சா நீங்களே ஓய்வு குடுத்திருக்கலாமே."

"காயம்னு நாங்க எழுதி உக்கார வெச்சா நீட்டிக்கிற உரிமை போயிடும். அது விதி. பத்து வாரம் ஓய்வு வேணும், அதை நீங்களா எடுக்கணும். ஒரு ஆட்டத்தக்கூட விடாத ஆளு நீங்க."

"அப்ப அந்தத் தாளு பொய்யா?"

"பொய்த்தாள் குடுத்தா நான் ஜெயிலுக்குப் போகணும் சார். தாளைப் பாக்காத தேவசித்தம் நாப்பத்தோராம் நாள் பணிஞ்சிடுவார், அது சத்தியம். அந்தத் தாளை உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி உங்க நிழலாள்கிட்ட காட்டிப் பாத்தோம். அவர் கோபப்பட்டுப் பத்தொம்பதாம் விதின்னார்."

இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தாள். அதில் பன்னிரண்டாம் நாள், குழம்பை அளவுக்கு மீறிப் புகழ்ந்ததால் சண்டை என்று இருந்தது. இருபத்து மூன்றாம் நாள், எண்ணூர். நாற்பத்திரண்டாம் நாள், பிரியாணி, பொட்டலம் இரண்டு. தேதி, அவன் முதல் தாளைப் பார்த்ததற்கு மூன்று நாள் முந்தியது.

தேவசித்தத்துக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான். ரெபேக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்புகூட இந்தத் தாளில் எங்கோ இருக்கும் என்ற எண்ணம்தான் தாங்கமுடியாததாக இருந்தது.

"நான் மறுபடி குந்திக்கறேன்."

"உங்க உரிமை சார். ஆனா நீங்க உக்காந்திருக்கிற நாள் மூணு வருஷத்துல சேராது. ஆடுற நாளைத்தான் எண்ணுவோம்."

"வேலையே வேணாம்னு போயிட்டா?"

"பதிவு எங்ககிட்டயே இருக்கும். எந்த மைதானத்துலயும் எந்த வேலையும் பாக்க முடியாது. பெண்கள் அணியும் அதுல அடக்கம்." அவள் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "என் வேலை ஒப்பந்தமும் இதே பொறிலதான் சார் முடிஞ்சுச்சு. நான் பதினெட்டாம் நாள் பணிஞ்சேனாம். தாளைப் பாத்தேன், பேசாம கையெழுத்துப் போட்டுட்டேன். போடுவேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் இரண்டாம் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"இப்ப அவன் இன்னா பண்றான்? என் நிழலாளு?"

"ஆடி முடிச்சிட்டார். மூணு வருஷமும். ஒரு ஆட்டம்கூட விடல."

"நடக்கறானா?"

விசாலி திரையைப் பார்த்தாள். வேண்டுமென்று மறைக்கிற முகம் இல்லை அது. பதில் அங்கே இருக்கிறதா என்று நிஜமாகவே தேடினாள்.

"தெரியல சார். ஒப்பந்தம் முடியற நாளோட பொறியை நிறுத்திடுவோம். அதுக்கு மேல பாக்கறதில்ல."

நாலு மணிக்குப் பயிற்சி. தேவசித்தம் எழுந்து வெளியே வந்தான். மாடிப்படிகளில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலை வேண்டுமென்றே அழுத்தி, முழு எடையையும் அதன்மேல் போட்டு ஊன்றினான். சுருக்கென்று ஒரு குத்தல் வந்தால்கூடத் திரும்பி ஓடி லீக் டாக்டரிடம் காட்டிச் சான்றை ரத்து செய்யச் சொல்லலாம். கடைசிப் படியில் இரண்டு முறை குதித்துப் பார்த்தான். எங்கேயும் வலிக்கவில்லை.