சரிபார்த்தவர்: சகாயசெல்வி

ஆஸ்வின் இன்னும் விசைப்பலகையில் விரலை வைக்கவே இல்லை. அதற்குள் திரையில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் சகாயசெல்வியின் பெயர் தானாக வந்து நின்றது.

உதட்டைப் பிதுக்கினான். செத்த பிறகுதான் இவளுக்குச் சுறுசுறுப்பே வருகிறது போலும்.

திண்டிவனத்தில் உரக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, யூரியா வாடை, ஒழுகுகிற ஜன்னல். அதற்கு வெளியே மென்பொருள் நிறுவனம் என்று ஒரு போர்டு. மல்லாட்டை மண்டிகளுக்கு வேர்க்கடலை எடை பார்த்து ரசீது அடிக்கும் மென்பொருள்தான் மொத்த வியாபாரம். முதலாளி சூசைமுத்து அதை விழுப்புரம் வரைக்கும் கொண்டுபோய் விற்றுவிட்டுப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னால் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிற மனிதர்.

புதுப் பதிப்பு தயாரானால் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும். இங்கே வேலை பார்த்த சகாயசெல்வி எழுதிவைத்த டூல் பதிப்பு எண்ணை ஏற்றி, எல்லாவற்றையும் மூட்டை கட்டி, எல்லா மண்டிக்கும் அனுப்பிவிடும். ஆனால் அதற்கு முன்னால் நச்சரிக்கும். முதலில் சோதனைப் பதிப்பை ஒரே இடத்துக்கு அனுப்பு, அங்கே ஒருவர் பயன்படுத்திப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அவர் பெயரைப் போடு, அப்புறம்தான் மற்ற இடங்களுக்கு. கோலியனூர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களிடம்கூட அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருப்பாள் அவள். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆஸ்வினுக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

போன வருடம் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். டூலுக்கு இரண்டாவதாக ஓர் ஆள் பெயர் வேண்டுமே என்று இவன் அவள் பெயரையே அடிக்க ஆரம்பித்தான். சோதனையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. போன மாதம் அப்படிப் போன பதிப்பு எடையைக் குறைத்துக் காட்டி, விவசாயிகள் மண்டி வாசலில் நின்று கத்தினார்கள். தராசைப் பார்க்கத் தெரியாத கூட்டம் என்று சொல்லிவிட்டான்.

போன் அடித்தது. அவன் மனைவி டயானா.

“ஏங்க, இன்னிக்குக் கல்லறைத் திருநாள். கல்லறை மந்திரிக்க சாமியாரு வந்துடுவாரு. உங்கப்பா கல்லறைய நானே கழுவிப் பூ வச்சுட்டேன். நீங்க வந்தா மெழுகுவத்தி ஏத்திடலாம். அப்பா எங்கன்னு பாப்பா கேட்டுக்கினே இருக்கா.”

“எலும்புக்கு எதுக்கு வெளிச்சம்? நீங்களே நனைஞ்சுக்கினு ஏத்துங்க.”



“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? இன்னிக்கு நீங்க வரலன்னா லூசியாவ இட்டுக்கினு முகையூருக்குப் போயிடுவேன், எங்கம்மா வூட்டுக்கு. திரும்பி வர மாட்டேன்.”

குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனைக் கிலேசப்படுத்தியது. லூசியா இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியாது. உலகத்தில் அவன் கேலி செய்யாத ஒரே ஜீவன் அந்தக் குழந்தை.

“வர்றேன், வர்றேன். இத அனுப்பிட்டு ஜல்தியா வர்றேன்.”

என்டரைத் தட்டினான். சிறு திருத்தமா, புது வசதியா, பழையதோடு ஒத்தே போகாத பெரிய மாற்றமா என்று டூல் கேட்டது. சிறு திருத்தம் என்று அடித்தான். அடித்தது அழிந்தது. ‘பெரிய மாற்றம்’ என்று எழுத்து எழுத்தாக விழுந்தது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக அடிப்பதுபோல. பக்கத்து மேசையிலிருந்த அவளுடைய பழைய விசைப்பலகை டக் டக் என்று சத்தம் போட்டது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

யூரியா வாடைக்கு நடுவே உருகுகிற மெழுகின் வாசனை வந்தது. கூடவே சாமந்தி.

மென்பொருளின் பெயர் இருந்த இடத்தில் ‘ஆஸ்வின்’ என்று மாறியது. பதிப்பு ஒன்று, இரண்டானது.

எவனோ விளையாடுகிறான். எவன்? இந்த ஊரில் இந்த அளவுக்கு மூளை எவனுக்கு இருக்கிறது? நிறுத்தும் விசையை அழுத்தினான். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். யுபிஎஸ் கீச்சிட்டது. அதன் வயரையும் பிடுங்கினான். கீச்சொலி நின்றது. திரை எரிந்துகொண்டேயிருந்தது.

‘நீக்கப்பட்டது: ஏளனம்.’

‘சோதனைப் பதிப்பு அனுப்பப்பட்ட இடம்: கல்லறைத் தோட்டம்.’

‘வெளியிடுபவர்: சகாயசெல்வி.’

‘சரிபார்த்தவர்:’

முன்பு அங்கே நின்ற அவள் பெயர் இப்போது இல்லை. வெற்றிடம். அது காத்திருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. அவள் போட்ட விதிதானே, இன்னொருவர் சரி சொல்லாமல் எதுவும் போகாது. யார் சொல்வார்கள்? முதன்முறையாக அந்த விதியை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். போனில் டயானாவைக் கூப்பிட்டான்.

எடுத்தாள். ஜெபமாலைச் சத்தம். மழை.

“டயானா, நான்தான்...”

“ஒன்னுமே கேக்கலங்க,” அவள் வேறு யாரிடமோ சொன்னாள். “உங்க நம்பர்லேர்ந்துதான் வருது. போனை ஆபீஸ்லயே வுட்டுட்டீங்களா?”

“ஆமாம்மா, மறந்துட்டேன்.” ஓர் ஆண் குரல். அவனுடைய குரல். ஆனால் இவ்வளவு இதமாக அவன் பேசியதே கிடையாது. “நான் வந்தது உனக்கு சந்தோசம்தானே?”

“டயானா, சொல்லாத. எதுவும் சொல்லாத.”

குழந்தை எங்கோ பக்கத்தில் சிரித்தது. அப்பா தோளில் ஏறினால் சிரிக்கிற சிரிப்பு.

“ஆமாங்க,” என்றாள் டயானா. “ரொம்ப.”

திரையில் வெற்றிடம் நிரம்பியது. டயானா.

‘பழைய பதிப்பு இனி யாருக்கும் கிடைக்காது.’

கதவுக்கு ஓடினான். கைப்பிடியைப் பற்றினான். கை அதை ஊடுருவிப் போனது. கதவு வெளியிலிருந்து திறந்தது. சூசைமுத்து, குடையை உதறிக்கொண்டே.

“அண்ணே,” என்று அலறினான். வாழ்நாளில் முதல் முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டான்.

சூசைமுத்து அவனுக்குள் புகுந்து நடந்து மேசைக்குப் போனார். “லைட்டு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அப்டியே வுட்டுட்டுப் போயிருக்காரு,” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். “ஆனா பரவால்ல, கொஞ்ச முன்னாடி படியில எறங்கறப்ப என்னப் பாத்து எவ்ளோ தன்மையா பேசினாரு.” மானிட்டரை அணைத்தார். மானிட்டரை மட்டும். விளக்கை அணைத்தார். வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.

இருட்டு. மெழுகு வாசனை.

பக்கத்து மேசையில் டக் டக் சத்தம் நின்றது. நாற்காலி மெதுவாக அவன் பக்கம் திரும்பியது.