வலது கண்ணில் இல்லாதவர்

காலண்டரில் பொடி எழுத்தெல்லாம் தெரிந்தது. அதன் கீழே உட்கார்ந்திருந்த மனுஷனைத்தான் காணவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். தென்னூர் வீட்டுக் கூடத்தில் பேட்ரிசியா, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் புரை எடுத்துப் புது லென்ஸ் வைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற இன்றைக்குத்தான் உத்தரவு. இடது கண்ணுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். இடதை உள்ளங்கையால் பொத்தினாள். சர்ச் காலண்டரில் புனிதர்களின் பெயர்கள் எறும்பு வரிசையாகத் தெளிந்து நின்றன. கீழே ஒயர் நாற்காலி, அதில் ஓரிடத்தில் அறுந்து தொங்கும் பச்சை இழை. நாற்காலி காலி.

கையை மாற்றினாள். பனி மூடின இடது கண்ணில், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி, அவள் புருஷன் சவரிநாதன் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து போய்த் திரும்பியிருப்பார் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மறுபடி மாற்றினாள். காலி. இரண்டையும் திறந்தால் இருந்தார். ஆனால் அவர் சட்டைக்குள்ளே பச்சை இழை தெரிந்தது.

அவள் லேசில் மிரளுகிறவள் இல்லை. முப்பத்தொரு வருஷம் காலேஜில் பிள்ளைகளுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவள். ஒரு சேதி உண்மையா என்று பார்க்க மூன்று வழி சொல்வாள். உள்ளதோடு பொருந்துகிறதா, நமக்குத் தெரிந்த மற்றதோடெல்லாம் ஒத்துப்போகிறதா, நம்பி நடந்தால் தாங்குகிறதா. மூன்றும் மூன்று பதில் சொன்னால் என்ன பண்றது மிஸ் என்று எவளாவது கேட்டால், அன்றைக்கு லீவு போட்டுவிடு என்று சிரிப்பாள்.

எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். சூடான கை. பொன்மலை ரயில்வே பட்டறையில் காய்த்துப்போன உள்ளங்கை, கோடாலித் தைலத்தின் வாசனை. என்ன புதுசா கொஞ்சல் என்று கேட்டுச் சிரித்தார் அவர். சிரிக்கும்போது மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. இடது கண்ணை மூடினாள். அவளுடைய கை மட்டும், விரல்கள் எதையோ பற்றினபடி வளைந்து, காற்றில் தனியாக நின்றது. எதுவும் இல்லாத இடத்திலிருந்து சூடு ஏறிக்கொண்டிருந்தது.

மாடிக்குப் போனாள். புதுக் கண் பொய் சொல்கிறது என்று ஒரு சாட்சி கிடைத்தால் போதும். ஓட்டு வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அப்பால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் நிலைகளைப் புதுக் கண்ணால் எண்ணினாள். பதின்மூன்று. சரியாகப் பதின்மூன்று. பழைய கண்ணில் வெறும் பால் கறை. எல்லாவற்றிலும் உண்மை பேசுகிற கண் ஒன்றில் மட்டும் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சென்னையில் இருக்கும் மகள் சுஜாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அப்பாவும் மகளும் கால் மணி நேரம் பேசினார்கள். எல்லாம் ஒத்துத்தான் போனது. நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா சேமியா பாயசக் கிண்ணத்தோடு வந்தாள். சாருக்குச் சக்கரை கம்மியாகப் போட்டிருக்கேன் என்றாள்.

“அப்ப அது பாயசம் இல்லம்மா, தண்டனை,” என்றார் சவரிநாதன்.

ஷரபுன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள். பேட்ரிசியா சிரிக்கவில்லை. சிரித்த அந்தக் கண்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டாள். அவர் முகத்தில் இல்லை. அவர் நெஞ்சைத் தாண்டி, அறுந்த பச்சை இழையில் நின்றன.

சமையலறையில் மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க எப்பம்மா கண்ணு பண்ணிக்கிட்டீங்க?”

“போன வருஷம், டீச்சர். ரெண்டும்.”

“உங்க வீட்டுக்காரர் கனி பாய்...”

ஷரபுன்னிசா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து சத்தம் எழும்பிய பிறகுதான் பேசினாள்.

“தெரியல. அன்னையிலேருந்து தெரியல. குரல் கேக்குது. தட்டு காலியாவுது. படுத்தா முதுகுல கை படுது. பொழப்பு ஓடுதுல்ல, போதாதா?”

நம்பி நடந்தால் தாங்குகிறது. தான் கரும்பலகையில் எழுதிய மூன்றாவது வரி, சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்று பாத்திரம் கழுவியது.

“ஒண்ணு மட்டும் சொல்றேன். தெளிஞ்ச கண்ணால அந்த எடத்தை உத்துப் பாக்காதீங்க. நாம பாக்குறது தெரியக் கூடாது.”

“யாருக்கு? அவருக்கா?”

ஷரபுன்னிசா குழாயை மூடினாள். கூடத்து வழியாகப் போகாமல், பின்வாசலில் செருப்பில்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

பேட்ரிசியா கூடத்துக்கு வந்து அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வருஷத்து முகம். திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் அது கிடையாது. குரல் இருக்கும், கை இருக்கும். ஆனால் அந்தக் கை யாருடையது என்று எதை வைத்துச் சொல்வாள்?

வேண்டாம். ஆபரேஷன் வேண்டாம். இந்தப் பனி மூடின கண்ணே போதும். வலது கண்ணை இப்போதே கட்டிவிடலாம்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை. ஒரே தடவை. இடதை மூடி, வலதால் நாற்காலியை உற்றுப் பார்த்தாள்.

காலி.

மின்விசிறிச் சத்தம் நின்றது. கரண்ட் போகவில்லை. றெக்கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தெருவில் பஸ் போனது; ஹார்ன் கேட்கவில்லை. தைல வாசனை மட்டும். நாற்காலிப் பக்கமிருந்து அல்ல.

பதறி இடது கண்ணைத் திறந்தாள். வலது கண்ணைப் பொத்தக் கையைத் தூக்கினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு உள்ளங்கை இருந்தது.

பின்னாலிருந்து வந்த கை. சூடான, காய்த்துப்போன கை. அவள் வலது கண்ணைப் பதமாக, பிரியமாகப் பொத்தியிருந்தது.

“போதும், பேட்ரிசி,” என்றது அவர் குரல், காதுக்குப் பின்னால். “பார்த்தது போதும்.”

எதிரே, பனிக்குள், நாற்காலியில் சவரிநாதன் இருந்தார். இரண்டு கைகளும் முழங்கால் மேலே. வாய் அசையவில்லை. அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்து விரிந்துகொண்டே போயின.

இன்னொரு உள்ளங்கை அவள் இடது கன்னத்தில் பட்டது. மெதுவாக மேலே ஏறியது.