படுத்தால் விடும் தலையிடி

எழுந்து நின்றால் றஜிதாவுக்குத் தலை பிளந்தது, படுத்தால் ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்து ஒன்பது நாள். இப்படியொரு வருத்தத்தை எந்த மாமி நம்புவாள்?

"பாயில கிடந்தா சுகம், குசினிக்கு வந்தா தலையிடி! நல்லா நடிக்கிறாய், பிள்ளை!" காலையிலேயே தொடங்கிவிட்டாள் எல்சி. "நானும் நாலு பெத்தனான்…"

"மாமி… வயித்த வெட்டிப் பிள்ளைய எடுக்கேக்க முதுகில விறைக்க ஊசி போட்டவை… அதுக்குப் பிறகுதான்…"

"முதுகில போட்ட ஊசிக்குத் தலை ஏன் இடிக்குது? எனக்கென்ன விசரே!"

இந்தக் கதையை ஒழுங்கையில் ஏழு வீடுகளுக்கு எல்சி சுமந்துபோய் இறக்கியிருந்தாள். றஜிதா கட்டாரில் இருக்கும் புருசனுக்குக்கூட இதைச் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள்.

அன்று புதிதாக ஒன்று. அடுப்பு இரண்டு, பானை இரண்டு, மாமி இரண்டு! ஒன்றையே தாங்க ஏலாதவளுக்கு இது அநியாயம். ஒரு கண்ணை மூடினால் எல்லாம் ஒன்றாகியது. அப்படி மூடிக்கொண்டே, துறைமுகத்தில் இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வந்த மாமா ஹெக்டருக்குத் தேத்தண்ணியை நீட்டினாள்.

"கர்த்தரே! என்ர மனுசனுக்குக் கண்ணடிக்கிறாள்!"

"அறுபத்திமூண்டு வயசில எனக்கு ஆரடி கண்ணடிக்கிறது? நீயே அடிச்சதில்லை!" என்றார் ஹெக்டர்.

"நீங்க ரெண்டு பேரா நிக்கிறீங்க மாமி… எந்த மாமி ஏசுறா எண்டே தெரியேல்ல…" அழுதபடி றஜிதா மூடிய கண்ணைத் திறந்தாள். ஒரு கண் மாமியைப் பார்த்தது. மற்றது மூக்கைப் பார்த்தது.

எல்சி கிட்ட வந்து அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். ஹெக்டர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

"ஊசி போட்ட இடத்தால முள்ளந்தண்டு நீர் கசிஞ்சிருக்கு," என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா. "கண்ணைத் திருப்புற நரம்பும் சோர்ந்திட்டுது. ஆயிரத்தில ஒராளுக்குக்கூட இப்பிடி வராது. சில கிழமையில சரிவரும். எழும்பினா இடிக்கும், படுத்தா விடும். இந்த வருத்தத்தின்ர அடையாளமே அதுதான். ஆர் இவவை அடுப்படிக்கு விட்டது?"

எல்சி கூரையைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் விழுந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடு, பிள்ளை…!"

"எந்த மாமி கேக்கிறா?"

"ரெண்டு பேருந்தான்டி!"

றஜிதா அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்கிட்ட வேண்டாம் மாமி. கதை சொன்ன வீடுகளுக்குப் போய், நான் நடிக்கேல்ல எண்டு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தபின் எல்சியே பிள்ளைப்பெற்றவளுக்கான சரக்கை அரைத்துக் கறி காய்ச்சி, படுத்திருந்தவளுக்கு ஊட்டினாள். ஏழில் ஆறு வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஏழாவது, பக்கத்து வீட்டுப் பூரணம். "அந்தப் பிள்ளைக்கு உண்மையா ஏலாது போல கிடக்கு," என்று முதல்நாளே சொன்னவள் அவள்தான்.

"பூரணம் வீட்டில ஆக்களில்லை," என்றாள் எல்சி.

வேலிக்கு அப்பால் பூரணம் தேங்காய் துருவும் சத்தம் நன்றாகவே கேட்டது. அந்த ஒரு வீடு இன்னும் பாக்கி.