கதிர்ப்பூட்டு

ஒச்சம்மா குடத்தை நீட்டியதும் குழாய் பூட்டிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வரிசையில் நின்ற பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருமுறை பூட்டினால் மதியம் வரை திறக்காது.

“ஒன்னய யாருடி கிட்ட வரச் சொன்னது?” என்றாள் தெருச் சங்கத் தலைவி பூரணி. “ஒன் ஒரு கொடத்துக்காக ஊரே நாக்கு வறளணுமா?”

ஆறு செத்த பிறகு கரட்டூர் ஊரே பாறையின் அடிவயிற்றைத் துளைத்துத்தான் தண்ணீர் எடுத்தது. பாறையில் ரேடியம் இருந்தது, தண்ணீரிலும் வந்தது. ஊருக்கு வெளியே வடிதொட்டி கட்டி அதைச் சகதியாகப் படியவிட்டார்கள். தப்பி வருவதைத் தடுக்க ஒவ்வொரு குழாயிலும் கதிர்ப்பூட்டு. கதிர்வீச்சு வரம்பைத் தாண்டினால் தானே அடைத்துக்கொள்ளும்.

அந்தச் சகதியை அள்ளுவதுதான் ஒச்சம்மாவின் பிழைப்பு. ரேடியம், சுண்ணாம்புச் சத்து மாதிரி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் சரக்கு. கதிர் தண்ணீரிலிருந்து வருகிறதா, குடம் பிடித்த கையிலிருந்து வருகிறதா என்று பூட்டுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நீர்க்காவல் துறைப் பொறியாளர் வில்வநாதனிடம் போய் வரம்பைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிக் கேட்டாள். வரம்பு என்பது படித்தவர்கள் கூடிப் போட்டது, மயிரிழைகூட நகராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். குழாயிலிருந்து தள்ளி ஒரு வெள்ளைக்கோடு போடச் செய்தாள் பூரணி. சகதி அள்ளுகிறவர்கள் கோட்டருகே குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். மனசு வந்த யாராவது கடைசியில் பிடித்துக் கொடுப்பார்கள். சில நாள் அரைக்குடம். அதுவும் இல்லாத நாளில் வடிதொட்டியிலேயே மொண்டு குடித்தாள் ஒச்சம்மா.

இரண்டு கோடை போனது. ஒருநாள் காலை பூரணி குடம் நீட்டியபோது பூட்டு விழுந்தது.

எல்லோரும் திரும்பி ஒச்சம்மாவைப் பார்த்தார்கள். அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள்.

மறுநாளும் விழுந்தது. அப்புறம் பூக்காரிக்கு, வாத்தியாருக்கு. வில்வநாதன் கருவியோடு வந்து பூரணியின் முழங்கால் எலும்பில் வைத்துப் பார்த்தார். வரம்புக்குள் இருந்த தண்ணீரிலும் துளித்துளி ரேடியம் இருந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தண்ணீரைத்தான் அவள் குடித்திருக்கிறாள்.

ஒச்சம்மா தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“வாங்க தலைவியம்மா. இங்கிட்டு எடமிருக்கு.”

பூரணி குடத்தைத் தூக்கிக்கொண்டாள். வந்து நின்றாள். வாரம் முடிவதற்குள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் வரிசையைவிடப் பெரிதாகிவிட்டது. ஊரே திரண்டு துறை அலுவலகத்தை மறித்தது. அன்று பொழுது சாய்வதற்குள் வில்வநாதன் வந்து பூட்டைத் திறந்து அதிலிருந்த வரம்பு எண்ணை மாற்றினார். வரம்பு மூன்று மடங்கு ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது.

“அன்னைக்கு மயிரிழை நகராதுன்னீங்களே சார்,” என்றாள் ஒச்சம்மா.

“அன்னைக்கு நீ ஒருத்திதானம்மா கேட்ட.”

வடிதொட்டிச் சகதியை நாளைக்கு எப்போது அள்ள வருவது என்று அவள் கேட்டதற்கு, அள்ளவே வேண்டாம் என்றார். அள்ளாவிட்டாலும் தண்ணீர் வரம்புக்குள்தான் இருக்கும். நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

ஒச்சம்மா தன் கைகளைப் பார்த்தாள். இவ்வளவு காலம் அள்ளி வெளியே கொட்டியதெல்லாம் இனி இந்தக் குடங்களுக்குத்தான் வரும்.

“வாடி, இனி நீயே புடிச்சுக்க,” என்றாள் பூரணி.

ஒச்சம்மா கோட்டைத் தாண்டிப் போனாள். யாரும் விலகவில்லை.