ஊமைக் காய்ச்சல்

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம், சாப்பாட்டுப் பையோடு ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்தேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அறையில் லேசாக ஆஸ்பத்திரி வாசனை. தரை துடைத்த மருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் ஒரே வீடியோ கேம் கம்பெனியில்தான் வேலை. கதை அவன் எழுதுவான், சத்தமெல்லாம் என் பொறுப்பு. எங்கள் விளையாட்டில் ஒரு நகரத்தையே ஊமைக் காய்ச்சல் அழிக்கிறது. அது வந்த கதையைப் போன வருடமே அண்ணன் எழுதிவிட்டான். காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தை, வேலைக்குப் போன அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்துப்போகிறது. அந்தக் குரல் வீடு வீடாகப் போய்க் கேட்கிறது. பதில் சொல்கிறவரின் குரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது.

நடிக்க ஆள் கிடைக்கும்வரை ஒப்புக்கு யாரையாவது பேசவைப்பது எங்கள் வழக்கம். அண்ணன் மகள் குட்டியைப் பேசவைத்தேன். "அப்பா, இருக்கியா?" ஒரே வரி. ஒரு மிட்டாய்க்குப் பேசிக்கொடுத்தாள், கழுதை.

மூன்று மாதம் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் நிஜமாகவே அதைக் கேட்டாள். அண்ணன் இந்த விளையாட்டை முடித்துக்கொடுக்க ஆபீசில் இருந்தான். "வந்துட்டே இருக்காருடா" என்று நான்தான் பொய் சொன்னேன். அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று அவள் குரலை எடுத்துவிட்டு நடிகையின் குரலைப் போடவேண்டும்.

"வேண்டாம்மா. அவ இதுல மட்டும்தான் இருக்கா" என்றான்.

"கண்டவனெல்லாம் அவளைச் சாகடிச்சு சாகடிச்சு விளையாடணுமாண்ணா? எனக்கு வயிறு எரியுது."

அவன் நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டான். பழைய பதிவை அழித்தேன். புதியதைச் சேர்த்து, விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். வெறிச்சோடிய தெரு, சாத்திய கதவு. தட்டினேன்.

நடிகை பேசவில்லை.

"அத்தை, அப்பா வந்தாச்சா?"

அந்த வரியை நான் பதிவு செய்ததே இல்லை.

மருந்து வாசனை குப்பென்று ஏறியது.

"அண்ணா, பதில் சொல்லாத" என்று கிசுகிசுத்தேன். "நீ எழுதினதுதானே? வாயைத் திறக்காத!"

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டான்.

"வந்துட்டேன்டா கண்ணு. இங்கதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அண்ணன் பேசவே இல்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். ஒரு தடவை என்னைத் திட்டினால்கூடப் போதும் என்று இருக்கிறது.

அன்று அறையில் மைக் அணைந்துதான் கிடந்தது, சத்தியமாக. ஆனாலும் அந்தக் கதவைத் தட்டினால் இப்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. அவள் கேட்கிறாள், அவன் சொல்கிறான். தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்றுதான் புதிதாக ஒன்று கேட்டது.

"அத்தையைக் கூப்பிடவாப்பா?"

"அத்தைக்கு வேலை இருக்குடா. முடிச்சுட்டு வரட்டும்."